ஒரு பீர் பாட்டிலும் ராஜாஜியும்

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் வக்கீல் இல்லை, பொட்டி தட்டி வயிறு வளர்க்கிறவன். இதைப் படிச்சுட்டு யாராவது கோர்ட்ல போய் வாதாடி மாட்டிக்கிட்டா கம்பெனி பொறுப்பல்ல :)

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நாங்க நாலு பேர் திருவண்ணாமலை போயிருந்தோம். பௌர்ணமிக்கு அடுத்த நாள். கூட்டம் வடிஞ்சிருக்கும்னு கணக்கு. ராத்திரி 14 கிலோமீட்டர் கிரிவலம் முடிச்சு, பகலெல்லாம் லாட்ஜ்ல குறட்டை விட்டு, சாயங்காலம் ரமணாசிரமம். மயிலைப் பார்த்துட்டு, செங்கம் ரோட்டில ஒரு டீயைக் குடிச்சுட்டு, கொஞ்சம் தள்ளி ஒரு திறந்தவெளியில போய் உக்காந்தோம். சாயங்காலம் ஊர்க்காரங்க காத்து வாங்க வர்ற இடம். பசங்க கிரிக்கெட் ஆடிட்டு இருந்தாங்க. எங்களுக்குப் பத்தடி தள்ளி ஒரு குரூப் பேப்பர் கப்போட 'பிஸி'யா இருந்தது.

எங்க ஆள் ஒருத்தன் (மாப்ளைன்னே வெச்சுக்குவோம்) பையில ஒரு பீர் பாட்டில் இருந்தது. ஒண்ணே ஒண்ணு. சீல் உடைக்காதது. ஊருக்குத் திரும்பி ரூமுக்குப் போனப்புறம் குடிக்கன்னு வாங்கினது. கோயில் ஊர்ல எதுக்குடான்னு நாங்களே திட்டினோம்.

போலீஸ் வந்தாங்க. பக்கத்து குரூப்போட சேர்த்து எங்களையும் வரிசையா நிக்க வெச்சு பையைப் பார்த்தாங்க. "சார், திறக்கவே இல்லை சார்"ங்கிறான் மாப்ளை. "பேரு, அப்பா பேரு, ஊரு சொல்லு" அவ்வளவுதான் பதில். பொது இடத்துல மது அருந்தியதா ஒரு கேஸ். "காலைல கோர்ட்டுக்கு வந்து ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போய்ட்டே இரு தம்பி. இல்லேன்னா வாய்தா வாய்தான்னு அலையணும்"னு அன்பாவே சொன்னாங்க.

மறுநாள் பேரைக் கூப்பிட்டாங்க, குற்றத்தை ஒத்துக்கிறியான்னு கேட்டாங்க, ஒத்துக்கறேன்னான். ரெண்டு நிமிஷம். மதியம் பஸ்ல அவனை ஓட்டிக்கிட்டே வந்தோம். பேரே 'குற்றவாளி' ஆயிடுச்சு.

இந்த வருஷம் மாப்ளைக்கு ஆன்சைட் வந்தது. அமெரிக்க விசா ஃபார்ம்ல ஒரு கேள்வி இருக்கு, போனவங்களுக்குத் தெரியும்: எப்போதாவது எந்தக் குற்றத்துக்காகவாவது கைது செய்யப்பட்டோ தண்டிக்கப்பட்டோ இருக்கிறீர்களா? ஆமாம், இல்லை ரெண்டே பட்டன். 'இல்லை'ன்னு அமுக்கினா பொய். 'ஆமாம்'னு அமுக்கினா விளக்கம் எழுதணும், கோர்ட் காகிதம் காட்டணும். பய திருவண்ணாமலைக்குப் போய் சர்ட்டிஃபைட் காப்பிக்கு மனு போட்டு வாங்கிட்டு வந்தான். வந்த உடனே போன். "மச்சி, சட்டத்துப் பேருக்குப் பக்கத்துல 1937னு போட்டிருக்காங்கடா. டைப்பிங் மிஸ்டேக்கா?"

மிஸ்டேக் இல்லீங்க. அங்கதான் எனக்குப் பொறி தட்டிச்சு. ஒரு மாசமா ஆணி புடுங்காத நேரத்துல எல்லாம் இதைத்தான் நோண்டிக்கிட்டிருக்கேன்.

1937 ஜூலைல ராஜாஜி சென்னை மாகாணத்துப் பிரதமர் ஆனார் (அப்ப மாகாண முதல்வருக்கு அதுதான் பேரு). பதவிக்கு வந்து மூணு மாசம் முடியறதுக்குள்ள, அக்டோபர் 1ஆம் தேதி, சேலம் ஜில்லாவுல மதுவிலக்கு. சேலம் ஏன்னா அது அவர் வக்கீல் தொழில் பார்த்த ஊர், முனிசிபல் சேர்மனா இருந்த ஊர். திருச்செங்கோடு பக்கம் ஆசிரமம் வெச்சு, கல்கியை உதவிக்கு வெச்சுக்கிட்டு 'விமோசனம்'னு மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை நடத்தினவர். மனுஷன் வீட்டுப்பாடம் பண்ணிட்டுத்தான் வந்திருக்கார்.

அந்தச் சட்டம் விக்கிறதை மட்டும் தடுக்கலை. இறக்கறது, காய்ச்சறது, கொண்டு போறது, வாங்கறது, குடிக்கிறது, கடைசில கையில வெச்சிருக்கிறது எல்லாமே குற்றம். மாப்ளையோட காகிதத்துல இருக்கிறது இதே சட்டம்தான். முன்னாடி 'சென்னை'ன்னு இருந்தது பின்னாடி 'தமிழ்நாடு' ஆச்சு. நடுவுல எக்கச்சக்க ஒட்டு. எங்க ஆபீஸ்ல யாரும் தொடப் பயப்படற பழைய மாட்யூல் ஒண்ணு இருக்கும் பாருங்க, அந்த மாதிரி.

சேலத்துக்கு அப்புறம் 1938ல சித்தூர், கடப்பா. 1939 அக்டோபர் 1ல வட ஆற்காடு. திருவண்ணாமலை 1989ல தனி மாவட்டம் ஆகிற வரைக்கும் வட ஆற்காட்டுலதானே இருந்தது? ஆக மாப்ளை மாட்டின ஊருக்கு இந்தச் சட்டம் வந்து சேர்ந்தது 1939ல. ரமணர் ஆசிரமத்துல இருந்த காலம். வெள்ளைக்காரங்க பெட்டி படுக்கையோட செங்கம் ரோட்டுக்கு வந்து இறங்க ஆரம்பிச்சிருந்த காலமும் அதுதான். கூத்து என்னன்னா, வட ஆற்காட்டுல கடையை மூடின அதே மாசக் கடைசியில, உலகப் போர் விஷயமா ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா பண்ணிடுச்சு. கள்ளுக்கடை வருமானம் போச்சேன்னு ஈடுகட்ட அவர் 1939ல கொண்டு வந்த பொது விற்பனை வரி மட்டும் போகலை. நம்ம ஜிஎஸ்டிக்கு ஒரு வகைல அதுதான் தாத்தா. குடிக்காதவனும் கட்டறான்.

போர்க் காலத்துல கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வெச்சது. போருக்கு அப்புறம் மறுபடி ஜில்லா ஜில்லாவா வந்து, ஓமந்தூரார் ஆட்சியில 1948 அக்டோபர் 2ல மாகாணம் முழுக்க.

இப்ப என் கேள்விக்கு வர்றேன். ஒரு பாட்டிலைக் கையில வெச்சிருந்தான்னு பிடிச்சா, "அதெப்படி தப்பாகும்?"னு யாராவது எதிர்த்து நின்னிருக்காங்களா? நம்ம மாதிரி ரெண்டு நிமிஷத்துல ஒத்துக்கிட்டு பஸ் ஏறாம?

நின்னிருக்காங்க. ஆனா அதுக்கு பம்பாய் போகணும். அங்கயும் 1949ல முழு மதுவிலக்குச் சட்டம் வந்தது. அடுத்த வருஷமே அரசியல் சாசனம் வந்துடுச்சு. மை காயறதுக்குள்ள எஃப்.என். பால்சாரான்னு ஒரு பார்சிக்காரர் பம்பாய் ஹைகோர்ட் படியேறிட்டார். அவர் மாட்டினவர் இல்லைங்கிறதுதான் இதுல அழகு. யாரும் பிடிக்கலை, கேஸ் போடலை. அவரா போய், "நான் இந்தியக் குடிமகன். விஸ்கி, பிராந்தி, ஒயின், பீர், மருந்து ஒயின், ஓடிகோலன், லாவண்டர் தண்ணி இதையெல்லாம் வெச்சுக்கவும் உபயோகிக்கவும் எனக்கு உரிமை இருக்கு, அரசு தலையிடக்கூடாதுன்னு உத்தரவு போடுங்க"ன்னு கேட்டார்.

ஓடிகோலன் எங்கிருந்து வந்ததுன்னு நானும் முழிச்சேன். சட்டத்துல 'மது'ங்கிறதுக்கு விளக்கம், ஆல்கஹால் கலந்த எல்லா திரவமும்னு இருந்தது. ஆக தலைவலிக்கு நெத்தியில தடவற சென்ட்டும் மது. இருமல் டானிக்கும் மது. கண்டிஷனை இவ்வளவு அகலமா எழுதினா எங்க டீம்ல கோட் ரிவ்யூவிலேயே கிழிச்சிருப்பாங்க.

1950 ஆகஸ்ட்ல ஹைகோர்ட் பாதி பாதியா தீர்ப்பு சொல்ல, ரெண்டு தரப்பும் சுப்ரீம் கோர்ட் போச்சு. அஞ்சு நீதிபதிகள். நம்ம ஊர் பதஞ்சலி சாஸ்திரியும் அதுல ஒருத்தர். தீர்ப்பை எழுதினது ஃபசல் அலி. தேதி 1951 மே 25. சட்டத்தை முழுசா தூக்கி எறியலை. விஸ்கி, பீர் இதையெல்லாம் வெச்சிருக்கக்கூடாதுன்னு சொல்ல மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு, மதுவிலக்கை அரசு நாட வேண்டிய நெறின்னு சாசனத்தோட 47வது பிரிவே சொல்லுதேன்னுட்டாங்க. ஆனா மருந்தையும் சென்ட்டையும் வெச்சுக்கிறதைத் தடுக்கிறது நியாயமில்லாத கட்டுப்பாடு, அந்த அளவுக்குச் சட்டம் செல்லாது.

எந்த உரிமையை வெச்சு இப்படிச் சொன்னாங்க தெரியுமா? குடிக்கிற உரிமை, தனிமனித சுதந்திரம் அப்படின்னெல்லாம் இல்லை. சொத்துரிமை! பாட்டில் என் சொத்து, சொத்தை வெச்சுக்க 19(1)(எஃப்) பிரிவுல எனக்கு உரிமை. இன்னிக்கு யாராவது அதே வாதத்தோட போனா அந்தப் பிரிவே கிடையாது, 1978ல 44வது திருத்தத்துல எடுத்துட்டாங்க.

இன்னொண்ணு. மதுவைப் புகழ்ந்து பேசறதே குற்றம்னு அந்தச் சட்டத்துல ஒரு பிரிவு இருந்தது. அது பேச்சுரிமைக்கு விரோதம்னு அடிச்சுட்டாங்க. ஆக தீர்ப்பு வந்த அன்னிக்கு பால்சாராவோட நிலைமை: விஸ்கியைப் புகழலாம், வெச்சுக்க முடியாது. கவிஞர்களுக்குத் தோதான ஏற்பாடு.

ரமணாசிரமம் பக்கம் போனவங்களுக்கு இன்னொரு விஷயம் உறுத்தும். வெளிநாட்டுக்காரங்களுக்கு பர்மிட், மிலிட்டரி மெஸ்ஸுக்கு விலக்கு, எனக்கு மட்டும் தடையா, 14வது பிரிவு சொல்ற சமத்துவம் எங்கேன்னு பால்சாரா தரப்பு கேட்டது. கொஞ்ச காலம் தங்கிட்டுப் போறவங்களை வேற வகையாப் பிரிக்கிறதுல தப்பில்லைன்னு கோர்ட் சொல்லிடுச்சு. மதுவிலக்கு இருக்கிற மாநிலங்கள்ல வெளிநாட்டுப் பயணிகளுக்கு பர்மிட் கொடுக்கிற வழக்கம் இப்படித்தான் நிலைச்சது. ஒரே ரோட்டில நடக்கிற ரெண்டு பேர்ல, ஒருத்தர் பையில இருந்தா பர்மிட், இன்னொருத்தர் பையில இருந்தா கேஸ். எனக்கு இது இன்னும் ஜீரணம் ஆகலை. 'பழகிட்டாங்க பாவம்'ங்கிறதுதான் காரணம்னா, நம்ம ஊர்ல பழகினவங்க கம்மியா என்ன?

சரி, பால்சாரா ஜெயிச்சது வெறும் ஓடிகோலன்தானேன்னு நினைச்சுட்டேன். அடுத்த கேஸைப் படிச்சப்புறம்தான் புரிஞ்சது.

தீர்ப்பு வந்து நாலே நாள். 1951 மே 29 ராத்திரி ஒன்பதரை மணி சுமாருக்கு பம்பாய் கொலாபா பக்கம் ஒரு ஜீப் மூணு பேரை இடிச்சுது. ஓட்டினவர் பெஹ்ராம் குர்ஷித் பெசிகாகா. உத்தியோகம்? பம்பாய் வட்டாரப் போக்குவரத்து அதிகாரி. ஆமாங்க, ஆர்டிஓ! வாயில மது வாசனைன்னு விபத்துக் கேஸோட மதுவிலக்குக் கேஸும் சேர்ந்தது. அவர் சொன்னது: நான் குடிக்கலை, பி.ஜி. ஃபாஸ்னு ஒரு டானிக் சாப்பிட்டேன், அதுல ஆல்கஹால் இருக்கு.

சிரிக்காதீங்க. மாஜிஸ்திரேட் விட்டுட்டார். அரசு அப்பீல் போச்சு. ஹைகோர்ட், டானிக்தான்னு நிரூபிக்கிறது உன் வேலைன்னு சொல்லி, மதுவிலக்குப் பிரிவுல ஒரு மாசக் கடுங்காவலும் 500 ரூபாய் அபராதமும் போட்டுச்சு. இவர் சுப்ரீம் கோர்ட் போனார். அங்க முதல்ல மூணு நீதிபதிகள், ஒருமித்த முடிவு வரலை. பெசிகாகாவுக்கு எதிரா எழுதினவர் டி.எல். வெங்கடராம அய்யர். சங்கீதப் பைத்தியங்களுக்கு இவரைத் தெரிஞ்சிருக்கும், தீட்சிதர் கிருதிகள்ல கரை கண்டவர், 1944ல சங்கீத கலாநிதி. (இந்த மாதிரி எதிர்பாராத இடத்துல நம்மாளைப் பார்த்தா ஒரு சந்தோஷம், அவர் நமக்கு எதிர்க்கட்சியா இருந்தாலும்.) விஷயம் பெரிய பெஞ்ச் போய், 1954 செப்டம்பர்ல பெரும்பான்மைத் தீர்ப்பு: விடுதலை.

காரணம்தான் முக்கியம். பால்சாரா கேஸுக்கு அப்புறம் மருந்து ஆல்கஹால் குற்றமில்லை. அப்ப வாசனை இருக்குன்னு மட்டும் காட்டினா போதாது. அந்த வாசனை தடை செஞ்ச மதுவோடதுதான், மருந்தோடது இல்லைன்னு அரசுத் தரப்புதான் நிரூபிக்கணும். பால்சாரா வாங்கின 'வெறும் ஓடிகோலன்', மூணு வருஷம் கழிச்சு இன்னொருத்தரை ஜெயிலுக்குப் போகாம காப்பாத்துச்சு. பெசிகாகா உண்மையிலேயே டானிக்தான் குடிச்சாரான்னு கேட்டா, அது அவருக்கும் அவர் டானிக்குக்கும் வெளிச்சம். ஆனா நிரூபிக்க வேண்டியது யாருங்கிற கேள்விக்கு அது பதில் இல்லையே.

அரசு சும்மா இருக்குமா? பேட்ச் போட்டுச்சு. 1959ல பம்பாய் சட்டத்தைத் திருத்தி, ரத்தத்துல ஆல்கஹால் 0.05 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா, அப்ப மருந்துதான்னு நிரூபிக்கிற பொறுப்பு மாட்டினவருக்குன்னு மாத்தினாங்க. நியாயமான பேட்ச்தான். அந்த அளவுக்காவது ரத்தம் எடுத்துப் பார்க்கணும்னு ஆச்சே. 1971ல பச்சுபாய்னு ஒரு டிரைவர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் அதையே அழுத்திச் சொல்லிச்சு. வாசனை, தள்ளாட்டம், கண் பாப்பா விரிஞ்சது, பேச்சு குழறல் இதை மட்டும் வெச்சு குடிச்சான்னு முடிவு பண்ண முடியாது, ரத்தமோ சிறுநீரோ சோதிக்கலையேன்னு.

இங்க நம்ம ஊர்க் கதை வேற ரூட்ல போச்சு. 1971 ஆகஸ்ட்ல கருணாநிதி மதுவிலக்கைத் தள்ளி வெச்சார். கவனிங்க, சட்டத்தை ஒழிக்கலை, தள்ளித்தான் வெச்சார். தொண்ணூறு வயசைத் தாண்டின ராஜாஜி வேண்டாம்னு மன்றாடினது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அப்புறம் 1973, 74ல மறுபடி மூடினது, எம்ஜிஆர் 1981ல திறந்தது, 1983ல டாஸ்மாக் பிறந்தது, 2003 நவம்பர்ல சில்லறைக் கடையும் டாஸ்மாக்குக்கே வந்ததுன்னு நீங்க அறிஞ்சதுதான். நடுவுல 1996ல சொந்த உபயோகத்துக்கு எவ்வளவு வெச்சுக்கலாம்னு விதிகள் வந்தது. 21 வயசு ஆனவர் பிராந்தி, விஸ்கி வகையறா 4.5 லிட்டர், பீர் 7.8 லிட்டர், ஒயின் 9 லிட்டர். கணக்குப் போட்டா பீர் பன்னெண்டு ஃபுல் பாட்டில்.

ஆக, அரசே கடை வெச்சு வித்த பாட்டில். அப்ப வாங்கினதுக்கு பில் கேட்டிருந்தா கிடைச்சிருக்காதுங்கிறது வேற விஷயம் :) பன்னெண்டு வரைக்கும் வெச்சுக்கலாம்னு விதி. மாப்ளை கையில ஒண்ணு. வெச்சிருந்தது தப்பில்லைங்கிறதாலதான் 'அருந்தியது'ன்னு எழுதியிருக்காங்க. அருந்தினான்னு எழுதினா அதை நிரூபிக்க வேண்டியது யாரு? சீல் உடைக்காத பாட்டில், ரத்தம் எடுக்கலை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலை. பெசிகாகா நின்ன இடத்தை விட எங்காளு நின்ன இடம் ரொம்பவே கெட்டியானது.

ஆனா அந்தக் காலைல இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் என்ன பண்ணியிருப்போம்னு யோசிச்சுப் பார்த்தேன். ஒத்துக்கலைன்னு சொன்னா விசாரணை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டு, பஸ் பிடிச்சு, வக்கீல் ஃபீஸ் கொடுத்து வரணும். மேனேஜர்கிட்ட என்ன காரணம் சொல்றது? ஃபைன் அதுல பத்துல ஒரு பங்குகூட இல்லை. பால்சாராவுக்கு வசதி இருந்தது, பெசிகாகாவுக்கு வேலையே போகிற நிலைமை இருந்தது. நமக்கு மதியம் பஸ் இருந்தது. அன்னிக்கு வரிசையில எங்களோட நின்ன அத்தனை பேரும் ஒத்துக்கிட்டாங்க. குடிச்சவனும் குடிக்காதவனும் ஒரே மாதிரி, ஒரே வார்த்தை.

குஜராத்ல பழைய பம்பாய்ச் சட்டம்தான் பேரை மாத்திக்கிட்டு ஓடுது. அங்க சில பேர், 2017ல அந்தரங்க உரிமையைப் பத்தி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தப்புறம், "என் வீட்டுக்குள்ள நான் குடிக்கிறதுல உனக்கென்ன?"ன்னு வழக்கு போட்டிருக்காங்க. பால்சாரா கேஸ்லயே முடிஞ்ச விஷயம்னு அரசு சொல்லிப் பார்த்துச்சு. 2021 ஆகஸ்ட்ல அந்த ஹைகோர்ட், இல்லை, விசாரிக்கலாம்னு சொல்லிச்சு. எழுபது வருஷத்துக்கு அப்புறமும் எல்லாரும் அந்த ஓடிகோலன்காரரைச் சுத்தித்தான் நின்னுக்கிட்டிருக்காங்க.

இதையெல்லாம் போன வாரம் மாப்ளைக்கு ஒரு மணி நேரம் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "இப்ப அப்பீல் போக முடியுமாடா?"ன்னான். நீயே ஒத்துக்கிட்டதுக்கு எங்கடா அப்பீல்னேன். கொஞ்ச நேரம் பேசலை. "அந்த பாட்டிலை என்ன பண்ணியிருப்பாங்க?"ன்னான்.

ஃபார்ம்ல 'ஆமாம்'னே அமுக்கிட்டான். கீழே விளக்கக் கட்டத்துல நாலு வரி. மூணு தடவை எழுதி அழிச்சு, நானும் கூட உக்காந்து திருத்தினது. குடிக்கலைன்னு எழுதினா, பின்ன ஏன் ஒத்துக்கிட்டேன்னு கேப்பாங்க. குடிச்சேன்னு எழுதினா பொய். கடைசில நடந்ததை அப்படியே எழுதியிருக்கான். வர்ற மாசம் இண்டர்வியூ. சர்ட்டிஃபைட் காப்பியோட ஃபைன் கட்டின ரசீதையும் ஃபைல்ல வெச்சிருக்கான்.